பதிமுகம் போட்ட வெள்ளம்

திருவனந்தபுரத்தில் இறங்கிய முதல் காலை, ஓட்டல் மேசையில் என் முன்னால் வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் திருப்பூர்க்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் சிவப்பாக வந்தால் இன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன சாயம் என்று கேட்போம், குடிக்க மாட்டோம். போதாக்குறைக்கு, மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டிருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதுதான் என் பிழைப்பே. தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பரிமாறியவர் சிரித்தார். "பேடிக்கண்டா மேடம், பதிமுகமாணு." பயப்படாதீர்கள் என்கிறார். ஒரு மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சினால் தண்ணீருக்கு, மலையாளத்தில் வெள்ளத்துக்கு, இந்த நிறம் வந்துவிடுமாம். ரத்தத்துக்கு நல்லதாம், சூட்டுக்கு நல்லதாம். அவர் சொல்லச் சொல்ல உடம்பில் எதற்குத்தான் நல்லதில்லை என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. முகர்ந்து பார்க்கலாம் என்றால் மூக்கு வேலைநிறுத்தத்தில் இருந்தது. ரயிலின் குளிர்சாதனக் காற்று விடிய விடிய என் தலைக்கு நேராக ஊதி, இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டது. மண்ணை முகர்ந்து பிழைக்கிறவளுக்கு ஜலதோஷம் பிடிப்பது பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டுவது மாதிரி. சரி, ஆனது ஆகட்டும் என்று குடித்தேன். வெதுவெதுப்பாக, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. புட்டுக்கும் கடலைக்கும் நடுவில் இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கினேன்.

வேலை ஆரியசாலையில். கிழக்கேகோட்டையைத் தாண்டியதும் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இனி நடந்துதான் மேடம்" என்று கையை விரித்தார். முன்னால் வெங்காய லாரி, பின்னால் வாழைத்தார் லாரி. மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே மூட்டைகளை உரசிக்கொண்டு நடந்தேன். ஒரு கடையில் விலை தமிழில் சொல்கிறார்கள், பேரம் மலையாளத்தில் நடக்கிறது, கோபம் வந்தால் மறுபடி தமிழ். மிளகாய் வற்றல் கடையைத் தாண்டும்போது எனக்கு முன்னால் போனவர், பின்னால் வந்தவர் இருவரும் தும்மினார்கள். எனக்குத் தும்மல்கூட வரவில்லை. அந்த அளவுக்கு அடைப்பு.

சந்தின் கடைசியில் மதில் சூழ்ந்த ஒரு காலி மனை. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் மொத்தக் கிடங்கு. அது மூடிப் பல வருடங்கள் லாரி நிறுத்தும் இடமாகக் கிடந்து, இப்போது கைமாறியிருக்கிறது. கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் நான்.

மனையின் பொறுப்பு சுனில் என்ற இளம் பொறியாளரிடம். நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் எப்போதும் ஒரு கோப்பு. அவர் மலையாளத்தில் பேசியதைத்தான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"மண்ணுக்கு அடியில இருந்த எண்ணெய்த் தொட்டியை எல்லாம் அப்பவே எடுத்தாச்சு மேடம். பேப்பர் இருக்கு."

"பேப்பர் எல்லா ஊர்லயும் இருக்குதுங்க சுனில்."

அவர் சிரித்துவிட்டுக் கோப்பிலிருந்து இன்னொரு தாளைக் காட்டினார். மதிலுக்கு உள்ளே மட்டும்தான் சோதனை. முடிவுகளை முதலாளியிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது இதெல்லாம் சாதாரண வரிகளாகத்தான் தெரியும்.

துளையிடும் எந்திரத்தை ஏற்றி வந்த சின்ன லாரி சந்தின் வளைவில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சுமைதூக்கும் தொழிலாளிகள் நீலச் சட்டையோடு கூடிவிட்டார்கள். கேரளத்தில் இவர்களோடு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். நானும் ஒரு சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர்களோ ஒரு வார்த்தை கேட்காமல் லாரியின் பின்பக்கத்தை ஏலேலோ போட்டுத் தூக்கி ஒரு முழம் நகர்த்தி வைத்தார்கள். அவர்களில் மூத்தவர் முத்தையா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "எந்திரம் எதுக்கு அக்கா, கெணறு தோண்டவா?" என்று கேட்டார். மண்ணைப் பார்க்க என்றேன். அவர் மனையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். தூக்கிய களேபரத்தில் லாரியிலிருந்த என் சாமான் பெட்டி எந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை அதைத் திறக்க முடியவில்லை.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று தெரிய, மூன்று இடங்களில் நீர்மட்டம் வேண்டும். மனைக்குள் ஒரு பாழுங்கிணறு இருந்தது. நாங்கள் போடப் போகும் குழாய் ஒன்று. மூன்றாவதுக்கு எங்கே போவேன்? கிழக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. எட்டிப் பார்த்தால் வலை போட்டு மூடிய கிணறு. இந்த ஊரில் அடுப்பு இல்லாத வீடுகூட இருக்கும், கிணறு இல்லாத வீடு இருக்காது போல. அளப்பது சோதனை ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, சுனில் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் செண்பகம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் முருங்கைக்கீரை.

"தமிழா? வாங்க அக்கா, உள்ள வாங்க. எந்தூரு?"

"திருப்பூருங்க. பக்கத்து மனையில வேலை. உங்க கெணத்துல தண்ணி எத்தனை ஆழத்துல இருக்குதுன்னு அளந்துக்கட்டுங்களா?"

"அதுக்கென்ன, அளந்துக்கிடுங்க. நாங்க நாகர்கோவில் பக்கம். இங்க வந்து மூணு தலைமொறை ஆச்சு. இந்தக் கெணறு ஒரு கோடையிலயும் வத்துனதில்ல பாத்துக்கிடுங்க. கார்ப்பரேஷன் பைப்பு உண்டும், அது முத்தம், வாசல் கழுவ. அந்தக் குளோரின் மருந்து நாத்தத்த யாரு குடிப்பா?"

நாடாவை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும் கூவும் நாடா அது. அளந்து எடுத்ததும் துடைக்க வேண்டும். இதில் நான் ரொம்பக் கறார்: ஒரு கிணற்றுக்கு ஒரு துணி. ஒரு கிணற்றின் ஈரத்தை இன்னொரு கிணற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. மறந்தவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் துணிகளோ லாரிப் பெட்டியில். செண்பகம் உள்ளே போய், துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்றிலிருந்து சரக்கென்று ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்ததுதான், மறந்துவிட்டேன்.

கூடத்தில் நாற்காலியில் வீங்கிய கால்களை முக்காலிமேல் வைத்துச் செண்பகத்தின் மகள் மாலதி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். பெங்களூரில் புருஷன் வீடு. பிரசவத்துக்காகப் போன மாதம்தான் வந்தாளாம். இங்கே படித்த பெண், பாதிக்குப் பாதி மலையாளம்தான் வாயில் வருகிறது.

"ஆன்ட்டி, நீங்க வெள்ளம் செக் பண்ற ஆளா? பாத்ரூம்ல கெணத்து வெள்ளம் தொறந்தா ஒரு ஸ்மெல் வருது. அம்மாகிட்ட எத்தன தடவ பறஞ்சாச்சு."

"கேட்டியளா?" என்றார் செண்பகம் என்னிடம். "ஏழு மாசம் ஆச்சு, இவளுக்கு இன்னும் மசக்கை தீரல. சாம்பார் நாறுது, சோப்பு நாறுது, அப்பா சட்டை நாறுது. இப்பம் கெணறும் நாறுதாம்."

"மழ பெஞ்சா கூடுது அம்மா. சத்தியமா."

"மோட்டார்ல ஆயில் கசியும்னு அப்பா சொன்னாருல்லா? சும்மா இரி."

நானும் சிரித்தேன். "எனக்கு அந்த நேரத்துல காப்பி வாசனையே ஆகாதுங் கண்ணு. பெத்தா சரியாப் போகும்" என்று வேறு சொல்லிவைத்தேன். மாலதி சிரிக்கவில்லை. செண்பகம் பெரிய தம்ளர் நிறையப் பதிமுக வெள்ளம் கொண்டுவந்தார். ஓட்டலில் குடித்ததைவிட அழுத்தமான நிறம். முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க உங்க தண்ணி" என்றேன். செண்பகத்தின் முகம் மலர்ந்தது. கைநிறையச் சக்கைச் சிப்ஸ், பலாச்சுளையை வறுத்தது, வேறு கிடைத்தது.

மறுநாள் சனிக்கிழமை துளை போட்டோம். இந்த ஊர் மண் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல்லும் பாறையுமாக மல்லுக்கு நிற்கும். இங்கே வெட்டுக்கல் மண், செக்கச் செவேலென்று வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறது. முதல் துளை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது, கிழக்கு மதிலை ஒட்டி. பத்தடிக்குக் கீழே சிவப்பு மங்கிச் சாம்பலாகி, பிறகு கறுத்து வந்தது. மண்ணின் ஆவியை உறிஞ்சி எண் காட்டும் கைக்கருவியை அருகில் கொண்டுபோனேன். எண் தாவி ஏறி, கருவி கீச்சிட ஆரம்பித்தது. சுனில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன வாசனைங்க சுனில்?"

"உங்களுக்குத் தெரியலையா மேடம்? மண்ணெண்ணெய். அசல் மண்ணெண்ணெய்."

என் மூக்கு மட்டும் ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளையாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் முத்தையா வாசலில் நின்று பார்த்தார். "தொட்டிய எங்க அக்கா எடுத்தாவ? மேல மண்ணப் போட்டு மூடுனாவ. மண்ணு சொமந்ததுல நானும் ஒருத்தன்" என்றார். சுனிலின் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனில் முதலாளியைக் கூப்பிடப் போனார்.

சாயங்காலம் மூன்று நீர்மட்டங்களையும் தாளில் போட்டு அம்புக்குறி வரைந்தேன். அம்பு நேராகக் கிழக்கு மதிலைத் தாண்டிச் செண்பகத்தின் கிணற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சுனிலிடம் சொன்னேன்.

"நீங்கள் அங்கே அளந்ததே முதலாளிக்குத் தெரியாது மேடம். இப்போது போய்த் தண்ணீர் எடுத்தால் சந்து முழுக்கப் பேச்சாகிவிடும். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வழக்கமாகப் போடுகிறவள்தான். அன்றைக்குப் போடவில்லை. காரணம் இப்போதும் எழுதக் கூச்சமாக இருக்கிறது: நேற்றுத்தானே ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தோம், நன்றாகத்தானே இருந்தது, எண்ணெய் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் ஒரு தம்ளர் தண்ணீரைச் சாட்சிக்கு வைத்துத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் தெளியும் வரை வேலை இல்லை. "பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு போய்வாருங்கள், உங்கள் ஜலதோஷத்துக்கும் நல்லது" என்று சுனில்தான் சொன்னார். பஸ் ஏறினேன். கண்டக்டர் கல்லாறு வந்ததும் சொல்வதாகத் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டு, சில்லறை வேலையில் மறந்துவிட்டார். பஸ் மலையேற ஆரம்பித்து முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் என் கூச்சல் அவர் காதில் விழுந்தது. "அய்யோ சேச்சி!" என்று அவரே எனக்கு மேல் பதறி, நடுவழியில் இறக்கிவிட்டார். புலம்பிக்கொண்டே இறக்கத்தில் நடந்து வந்தேன்.

கல்லாற்றில் ஒரு கடையில் சுக்குக் காப்பி. மிளகை எந்தக் கையால் அள்ளிப் போட்டார்களோ, இரண்டாவது மடக்கில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூன்றாவது மடக்கில் மூக்கு பொக்கென்று திறந்தது. மூன்று நாளுக்குப் பிறகு வாசனை! ஈர இலை, விறகுப் புகை, கடைக்காரர் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்த பழம்பொரி. நான்கு பழம்பொரி தின்றேன். ஆற்றில் இறங்கிக் கல்லில் உட்கார்ந்தேன். உருண்டைக் கற்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி போல. எங்கள் ஊர் ஆற்றை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று, எங்கள் ஊர் ஆறு ஏமாற்றாது. கெட்டுவிட்டேன் என்று நிறத்திலேயே சொல்லிவிடும். குடிக்க மாட்டோம், தப்பித்தோம்.

முகம் கழுவினேன். துடைக்கத் துண்டு எடுக்கக் கைப்பையில் கை விட்டபோது அந்தப் பிளாஸ்டிக் பை அகப்பட்டது. அட, செண்பகம் கிழித்துக் கொடுத்த வேட்டித் துணி. அலசி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிச்சை அவிழ்த்தேன்.

மண்ணெண்ணெய்.

கைப்பையை முகர்ந்தேன், கையை முகர்ந்தேன், மறுபடி துணியை முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை, ஒரு துளைகூடப் போடுவதற்கு முன், துவைத்த வேட்டியிலிருந்து கிழித்த துணி. அது தொட்ட ஒரே ஈரம் செண்பகத்தின் கிணற்று ஈரம். பையில் முடிச்சிட்டு வைத்ததால் வாசனை அப்படியே இருக்கிறது.

அப்படியானால் நான் குடித்தது? கொதிக்கும்போது எண்ணெயின் ஆவி பறந்திருக்கும். மிச்சமிருந்ததைப் பதிமுகம் தன் நிறத்தாலும் மணத்தாலும் மூடியிருக்கும். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள் யாருமில்லை. குளிக்கும் தண்ணீர்தான் கொதிக்காமல் வருகிறது. அதை நித்தம் முகர்ந்த மூக்குகளுக்குப் பழகிவிட்டது. இரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்த ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவளிடம் நான், பெத்தா சரியாப் போகும் என்று சொல்லியிருக்கிறேன். என்னையே நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்த பஸ் பாதி வழியில் நின்றது. இடியோடு மழை கொட்டி, ரோட்டின் குறுக்கே ஒரு ரப்பர் மரம் சாய்ந்து கிடந்தது. பயணிகளே இறங்கி இழுத்தார்கள். நானும் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தேன். "சேச்சிக்கு அவசரமாக எங்கேயோ போக வேண்டும் போல" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது கேட்டது. மழை பெய்தால் கூடுது என்று மாலதி சொன்னது காதில் சுற்றிச் சுற்றி வந்தது. சிக்னல் கிடைத்ததும் சுனிலைக் கூப்பிட்டேன்.

"மேடம், திங்கட்கிழமை முதலாளியிடம் பேசிவிட்டு... நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில்..."

"அந்தப் பொண்ணு ஏழு மாசங்க சுனில்."

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டேன்.

கிழக்கேகோட்டையில் இறங்கி, சேலை நனைய நனைய ஆரியசாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். இருட்டத் தொடங்கும் நேரம். செண்பகம் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா இப்பிடி நனஞ்சு..." என்று துண்டை எடுக்கப் போனார். குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மாலதியா? வெளிய வரச் சொல்லுங்க. அந்தத் தண்ணிய மேல ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, செண்பகம் காரணம் கேட்கவில்லை. கதவைத் தட்டினார். மாலதி நைட்டியோடு, உலர்ந்த தலையோடு வந்தாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கண்ணாடிப் பாட்டிலில் பாதி நிரப்பி, மூடிக் குலுக்கினேன். மூடியைத் திறந்து மாலதியிடம் நீட்டினேன். அவள் முகத்தருகே கொண்டுபோன உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதுதான் ஆன்ட்டி. இதத்தான் நான் சொன்னேன்."

பிறகு செண்பகம். முதலில் ஒன்றும் இல்லை என்பது போலத் தலையாட்டினார். இன்னொரு தடவை குலுக்கிக் கொடுத்தேன். வெகுநேரம் பாட்டிலை மூக்கருகே வைத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்தபடி கிணற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மசக்கைன்னு சொன்னனே மக்களே... நல்ல வெள்ளம்னு ஒனக்கு ரெண்டு தம்ளர் கூடத் தந்தனே."

"நீங்க மட்டும் இல்லீங்க. இதே வேலையாத் திரியற நானும்தான் சிரிச்சேன்" என்றேன். மாலதியின் பக்கம் திரும்பினேன். "தப்புங் கண்ணு. உன் பேச்சைக் கேட்டிருக்கோணும்."

"அது போட்டும் ஆன்ட்டி." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "பேபிக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

மண்ணில் இத்தனை, நீரில் இத்தனை என்று சொல்லத் தெரியும். இந்தக் கேள்விக்கு என் பெட்டியில் கருவி இல்லை. ஒரு பொய் வாய் வரை வந்தது. "எனக்குத் தெரியலீங் கண்ணு" என்றேன். "நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போ. இதைச் சொல்லு. இன்னையிலிருந்து குடிக்கறது, சமைக்கறது, குளிக்கறது எல்லாம் அந்தப் பைப்புத் தண்ணி." அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான்.

வாசலில் பைக் சத்தம். சுனில் மழைக்கோட்டோடு நின்றார். என்னைத் தடுக்கத்தான் வந்தார் என்று நினைத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார், மாலதியைப் பார்த்தார். "எங்கள் வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான் மேடம்" என்றார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மனையில் வேலை செய்யும் பிளம்பர் வந்து, மாடித் தொட்டியைக் கிணற்று மோட்டாரிலிருந்து பிரித்துப் பைப்போடு இணைத்தார். அனுப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றாராம். மத்தியானம் நான் போனபோது வாசலில் கூட்டம். சந்தில் இருக்கிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் என்று கிடைத்ததில் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாலதியிடம் கொடுத்து முகரச் சொல்ல! "வயித்துப்புள்ளக்காரிய எண்ணெய மோக்கச் சொல்லுகியளே, நல்லா இருக்கா ஒங்களுக்கு?" என்று செண்பகம் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டில்களை வாங்கிக்கொண்டேன். மாலதி தூர உட்கார்ந்து, எந்த வீடு, எந்தத் தேதி என்று லேபிள் எழுதித் தந்தாள். என் குழுவில் யாருக்கும் அத்தனை அழகான கையெழுத்து இல்லை. பாட்டில்கள் எல்லாம் சோதனைச் சாலைக்குப் போயின.

முதலாளி அன்று போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். மதிலுக்கு வெளியே உள்ளதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றார். சேர்க்காவிட்டால் என் கையெழுத்து அதில் இருக்காது என்றேன். அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். முதலில் கண்டறிந்த விதம் என்ற இடத்தில், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண் வாசனையை வைத்துச் சொன்னார், நான் முதலில் பொருட்படுத்தவில்லை என்று எழுதினேன். அறிக்கையில் அப்படி எழுதும் வழக்கமில்லை. எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்குச் செண்பகம் வந்திருந்தார். வாழையிலைப் பொட்டலத்தில் எலுமிச்சம்பழச் சாதம், ஒரு பாட்டில் தண்ணீர். தண்ணீர் நிறமே இல்லாமல் இருந்தது.

"பைப்பு வெள்ளம். காய்ச்சி ஆத்துனது. பதிமுகம் போடல அக்கா. கொஞ்ச நாளைக்கு வீட்ல நெறம் வேண்டாம்னு வச்சாச்சு." பிறகு கேட்டார்: "அந்தக் கெணறு எப்பம் நல்லாவும்?"

தொட்டியைத் தோண்டி எடுத்து, கெட்ட மண்ணை அள்ளி, தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்து... "வருஷக் கணக்காகுமுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ரயில் நகர்ந்தது.

தாகமெடுத்தபோது பாட்டிலை எடுத்தேன். அதில் என் லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது, மலையாளத்தில் இரண்டு வரி. எனக்குப் படிக்கத் தெரியாது. எதிர் இருக்கைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"'மருந்து வாசனை மட்டும்தான். குடிக்கலாம்.' கீழே மாலதின்னு போட்டிருக்கு."

மூக்கு எனக்கு நன்றாகவே திறந்திருந்தது. முகர்ந்து பார்க்கவில்லை. மூடியைத் திறந்து குடித்தேன்.